மொட்டைமாடி உளவாளி

எங்கள் வீட்டு மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்கும் தென்னைக்கும் நடுவே 66 அடிச் செம்புக் கம்பி ஒன்று தொங்குகிறது. பக்கத்து வீட்டு ஆச்சி அதைக் கொடி என்று நினைத்து இரண்டு சேலையைக் காயப்போட்டார். அரசாங்கம் அதை உளவுக் கருவி என்று நினைத்தது. இருவரில் ஆச்சிதான் உண்மைக்குப் பக்கத்தில் இருந்தார்.

அது டைபோல் ஆன்டெனா. பக்கத்துக்கு 33 அடி, நடுவில் கோஆக்சியல் கேபிள். பொழுதுபோக்காக வானொலியில் பேசும் ஹாம் ரேடியோக்காரர்களின் 40 மீட்டர் அலைவரிசைக்கு இவ்வளவு போதும். 7 மெகாஹெர்ட்ஸ் அலை ஏறக்குறைய செங்குத்தாக மேலே ஏறி, அயனி மண்டலத்தில் முட்டி, மலைக்கு அந்தப் பக்கம் இறங்கும். ஆரியங்காவுக் கணவாய் வழியே சாரல் எங்கள் தென்காசிக்கு வருகிறதே, அதே மலையைத் தாண்டி இங்கிருந்து குரல் புனலூருக்கும் கொல்லத்துக்கும் போகும். சாரலுக்கு லைசென்ஸ் கிடையாது. குரலுக்கு உண்டு.

லைசென்ஸ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னைக்குப் போய்ப் பரீட்சை எழுதினேன். ரேடியோ தியரி ஒரு பகுதி, விதிமுறை ஒரு பகுதி. 12 வயதுப் பிள்ளைகூட எழுதலாம். ஜெனரல் கிரேடு வேண்டுமானால் நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் மோர்ஸ் தட்ட வேண்டும். எனக்கு அதற்குக் கீழுள்ள ரெஸ்ட்ரிக்டட் கிரேடு போதும். விதிகள் 1978-இல் எழுதியவை. பாட்டுப் போடக் கூடாது, வியாபாரம் பேசக் கூடாது, அரசியல் சண்டை கூடாது. தமிழ்நாட்டில் இந்த மூன்றையும் விட்டுவிட்டு வாயைத் திறக்கச் சம்மதிக்கிறவனைப் பார்த்தால் அரசாங்கம் கையெடுத்துக் கும்பிட வேண்டும். அதற்குப் பதிலாக, லைசென்ஸுக்கு முன் விசாரிக்க ஏட்டையாவை அனுப்பியது.

ஏட்டையா நல்ல மனிதர். மாடியேறிக் கம்பியைத் தொட்டுப் பார்த்தார்.

"யார்கூட சார் பேசுவீங்க?"

"யார் கிடைக்காங்களோ அவங்ககூட."

"என்ன பேசுவீங்க?"

"நான் பேசுறது கேக்குதான்னு கேப்பேன். கேக்குதும்பாங்க."

"அதுக்கா சார் இவ்வளவு செலவு? செங்கோட்டை பஸ்ல ஏறினா முன்பின் தெரியாதவன் பூராக் கதையும் சொல்லுவானே."

எழுதிக்கொண்டு போனார். காகிதம் போனது. அப்புறம் லைசென்ஸ் பற்றிச் சத்தமே இல்லை.

கோயில் கொடை என்றால் எங்கள் தெருவில் நான்கு நாள் கூம்புக் குழாய் கட்டி, விடியற்காலை நாலு மணிக்கு ஊரையே எழுப்புகிறார்கள். கட்சிக் கூட்டத்துக்குப் பந்தல்கால் தோறும் பெட்டி பெட்டியாக ஒலிபெருக்கி. அவர்களிடம் யாரும் மாடியேறி, யாரிடம் பேசப் போகிறாய் என்று கேட்டதில்லை. இந்த நாட்டில் ஊர் காதைச் செவிடாக்குகிறவன் பிரமுகர். ஒருவன் காதில் மட்டும் மெதுவாகப் பேச நினைப்பவன் சந்தேகக் கேஸ்.

பரீட்சை எழுதாதவன் நிலைமையைக் கேளுங்கள். ஆன்லைன் கடையில் பட்டனை அழுத்தினால் வாக்கி-டாக்கி வீட்டு வாசலுக்கு வந்தது. லைசென்ஸ் வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லாமல், பொம்மைக் கார் மாதிரி விற்றார்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விழித்துக்கொண்டு நோட்டீஸ் விட்டது 2025 மே மாதத்தில். முறையாக வந்தவன் வரிசையில் நிற்க, முறைகெட்டவன் வீட்டுக்கு டோர் டெலிவரி.

இந்தப் பொழுதுபோக்கு தில்லிக்குத் தெரியாததும் இல்லை. ராஜீவ் காந்தியே ஹாம்தான், வி.யூ.2 ஆர்.ஜி. அவருடைய அழைப்புக் குறி. அந்தமானில் ஹாம் நிலையம் வைக்கப் பல ஆண்டுகள் அனுமதி கிடைக்கவில்லை. 2004 டிசம்பரில்தான் பாரதி பிரசாத் என்ற ஹாமின் குழுவினர் போர்ட் பிளேர் போய் நிலையம் போட்டார்கள். அதே மாதம் 26-ஆம் தேதி சுனாமி. தொலைபேசி செத்துக் கிடந்த தீவிலிருந்து, யார் உயிரோடு இருக்கிறார்கள் என்ற சேதியை வெளியே அனுப்பியது அவர்கள் பெட்டி. அனுமதி இன்னும் ஒரு மாதம் தள்ளிப்போயிருந்தால் ஃபைல் பத்திரமாக இருந்திருக்கும்.

அந்தப் பாடம் நமக்கு 19 வருடம்கூடத் தாங்கவில்லை. 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு நின்றது. கரண்ட் போனது, செல்போன் டவர்கள் செத்தன. ஊருக்குள் என்ன நடக்கிறது என்று ஊருக்கு வெளியே தெரியவில்லை. அன்று ராத்திரி ஏட்டையா நனைந்துகொண்டே என் வீட்டுக்கு வந்தார்.

"சார், அந்தப் பெட்டி ஓடுதா? தங்கச்சி ஸ்ரீவைகுண்டத்துல இருக்கா. ரெண்டு நாளா போன் போகல."

என்னிடம் இருந்தது ரிசீவர் மட்டும். கேட்கலாம், பேச முடியாது. பேசும் பெட்டி வாங்க லைசென்ஸ் வேண்டும். அது அவர் எழுதிய காகிதத்தோடு எங்கோ படுத்திருந்தது. இருவரும் உட்கார்ந்து இரைச்சலைக் கேட்டோம். தங்கச்சி பிழைத்துக்கொண்டாள், அது அவள் வீட்டு மாடி செய்த புண்ணியம்.

ஐந்து மாதம் கழித்து, 2024 மே 17. பழைய குற்றாலம் அருவியில் திடீர் வெள்ளம். 17 வயதுப் பையன் ஒருவன் போனான். தண்ணீர் மேலே காட்டில் ஏறுகிறது, கீழே பிள்ளைகள் குளிக்கிறார்கள். நடுவில் சேதி சொல்ல அன்று என்ன இருந்தது? அருவி இரைச்சலோடு போட்டி போடும் விசில். போலீஸ் மைக் இல்லையா என்பீர்கள். இருக்கிறது, மந்திரி வண்டி எந்த வளைவில் திரும்புகிறது என்பதை நொடிக்கு நொடி சொல்லும். வெள்ளம் எந்தப் பாறையில் திரும்புகிறது என்று சொல்ல அன்று மேலே ஓர் ஆள் இல்லை. வெள்ளத்துக்குப் பதவி இல்லையே.

ஒருவழியாக எனக்கு லைசென்ஸ் வந்துவிட்டது. 20 வருடத்துக்கு 1,000 ரூபாய். விலை மலிவு, காத்திருப்புக்குத்தான் வட்டி. பெட்டி வாங்கி, 12 வோல்ட் பேட்டரியில் மாட்டினேன். முதல் நாள் ஏட்டையாவையும் கூப்பிட்டேன். 'சி.க்யூ, சி.க்யூ' என்று, கேட்கிற யாரையும் அழைத்தேன். கொல்லம் பதில் சொன்னது. சேலம் சொன்னது.

"ஸ்ரீவைகுண்டம் கிடைக்குமா சார்?"

மறுபடி மறுபடி அழைத்தேன். மழை பெய்கிற மாதிரி வெறும் இரைச்சல். தாமிரபரணிக் கரையில் ஒரு பையன் பரீட்சை எழுதிவிட்டு, மாடியில் கம்பியும் கட்டிவிட்டு, ஓர் ஏட்டையா வருவார் என்று காத்திருக்கிறானோ என்னவோ.