பெருமக்களுக்கு ஒரு பொன்னாடை

சமூகவியலுக்கு நம் நாட்டுப் பெருமக்கள் ஆற்றியிருக்கும் தொண்டை இதுவரை ஒருவரும் மேடையேற்றிப் பாராட்டவில்லை. அந்தக் குறை இனி வேண்டாம்.

காசும் அந்தஸ்துமே வாழ்க்கை என்று எல்லாருக்கும் ஆசை காட்டிவிட்டு, நேர்வழியைச் சிலருக்கு மட்டும் அடைத்தால் குறுக்குவழி தானே திறக்கும் என்று 1938இல் எழுதினார் அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன். பாவம், எழுதியதோடு சரி. நம்மவர்கள் செய்தே காட்டினார்கள். பெராங் பெசார் தோட்டம் பி.பி. ரப்பர் ரகங்களால் உலகப் பெயர் பெற்றது. அங்கும் அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலும் பால் வெட்டியவர்களைக் கிளப்பிவிட்டு, 1995இல் புத்ராஜெயாவைக் கட்டத் தொடங்கினார்கள். கிளம்பியவர்களுக்கு டெங்கில் தாமான் பெர்மாத்தாவில் அடுக்குமாடி. பக்கத்திலேயே சைபர்ஜெயா பளபளக்கிறது. பார்க்கக் கட்டணம் கிடையாது.

அக்கம்பக்கத்து உறவு குலைந்த இடத்தில் குற்றம் வேர்விடும் என்று சிகாகோ வரைபடத்தில் புள்ளி வைத்துச் சொன்னார்கள் ஷாவும் மெக்கேயும். கோயில், திடல், மாட்டுக்கொட்டகை என்று பரந்து வாழ்ந்தவர்களை மாடிமேல் மாடியாக அடுக்கும் யோசனை அவர்களுக்குக்கூட வரவில்லை. சுவர்களில் விரிசல் ஓடியபோதும் நம்மவர்கள் பதறவில்லை. தரைவீடு என்ற வாக்குறுதியைத் தேர்தலுக்குத் தேர்தல் பூசிப் பார்த்தார்கள்.

அடுத்தது, குற்றவாளி என்று முத்திரை குத்தும் கலை. ஹோவர்ட் பெக்கர் 1963இல் விளக்கியது இது. 2013இல் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களைப் பட்டியலிட்டு, உறுப்பினர்களில் நூற்றுக்கு 71 பேர் இந்தியர் என்றது. உறுப்பினர் அட்டையே இல்லாத சங்கத்துக்கு எவ்வளவு துல்லியமான கணக்கு! அடையாள அட்டை இல்லாத நம் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டால் மட்டும் ஆளுக்கொரு கணக்கு. நம் இனத் தலைவர்களும் சளைத்தவர்களல்லர். பழியை எல்லாம் தமிழ்ப்படத்தின் தலையில் கட்டிவிட்டு மாலையோடு இறங்கிவிடுவார்கள்.

கோட்டு போட்டவர் குற்றத்தையும் ஆராயுங்கள் என்று 1939இல் சதர்லண்ட் சொன்னார். நம் முன்னாள் பிரதமர்மீதான எஸ்.ஆர்.சி. ஊழல் வழக்கில் 42 மில்லியன் ரிங்கிட் விவகாரம். அவர் எந்த வட்டாரத்தில் வளர்ந்தார், என்ன படம் பார்த்தார் என்று எவரும் நாகரிகமில்லாமல் கேட்கவில்லை. அவருடைய 12 ஆண்டுத் தண்டனையும் 2024இல் 6 ஆகக் கனிந்தது.

ஒரே மனக்குறை, டெங்கில் மக்கள் ஒத்துழைக்கவில்லை. இத்தனை ஏற்பாடு செய்தும், பிள்ளைகளில் பெரும்பாலோர் விடியுமுன் மோட்டாரை முறுக்கிக்கொண்டு வேலைக்குப் போய்விடுகிறார்கள். பிடித்துவைக்கும் உறவிருந்தால் கால் தவறாது என்று 1969இல் டிராவிஸ் ஹிர்ஷி எழுதியதை, அங்குள்ள தாய்மார்கள் படிக்காமலே செய்துவருகிறார்கள். கூட்டு பிடித்துப் பள்ளிக் கட்டணம் கட்டுகிறார்கள், திருவிழா எடுக்கிறார்கள், ஊர்சுற்றும் பையனை யார் பிள்ளை என்று பாராமல் அதட்டுகிறார்கள். பெருமக்களின் ஆய்வு இப்படித்தான் பாழாகிறது.

டெங்கில் மக்களை விசாரிக்க உடனே ஒரு குழு அமைக்கலாம். அறிக்கைக்கு அவசரமில்லை. விரிசலுக்கே அவசரப்படாதவர்கள் நாம்.