அனுமதி வாங்காத தண்ணீர் மீது ஒரு புகார் மனு

பெறுநர்: சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம், தாளமுத்து நடராசன் மாளிகை, எழும்பூர்.

பெருமதிப்பிற்குரிய குழுமத்தாருக்கு,

ஒரகடத்திலிருந்து பணிவான வணக்கம். நாங்களும் இப்போது உங்கள் வீட்டுப் பிள்ளைகள். 2022 அக்டோபரில் உங்கள் எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது எங்களையும் வாரி அணைத்துக்கொண்டீர்கள். ராத்திரி காஞ்சிபுரத்துக்காரனாகப் படுத்தவன் காலையில் சென்னைப் பெருநகரத்தானாக எழுந்தேன். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

போன வாரம் ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். உங்கள் அலுவலகம் அல்ல, பயப்பட வேண்டாம். எந்த அலுவலகம் என்றும் சொல்லப்போவதில்லை, மறுபடி அங்கேதான் போய் நிற்க வேண்டும். விஷயம் சின்னது. வீட்டு மாடியில் ஓர் அறையும் ஒரு கக்கூஸும் கட்ட பிளான் போட்டுக் கொடுத்திருந்தேன். கம்பெனிப் பையன்கள் நாலு பேருக்கு வாடகைக்கு விடலாம் என்று எண்ணம். எங்கள் ஊரில் நெல்லுக்கு அடுத்தபடியாக நாங்கள் கண்டுபிடித்த பயிர் அதுதான்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த தம்பி பிளானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பெரியவரே, பக்கத்துல ஏரி இருக்கே” என்றார்.

“இருந்துச்சு தம்பி.”

“மேப்புல இருக்கு. நீர்வளத்துறையில தடையில்லாச் சான்று வாங்கிட்டு வாங்க.”

மாடியில் கட்டுகிற கக்கூஸ் கீழே இருக்கிற ஏரியை எப்படித் தம்பி ஆக்கிரமிக்கும் என்று கேட்டேன். அவர் பேனாவை மூடினார். வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி, “உங்கள மாதிரி ஆளுங்களாலதான் ஒவ்வொரு மழைக்கும் மெட்ராஸே முழுகுது” என்றார். வரிசை சிரித்தது. எனக்குப் பின்னால் நின்றவர், அவரும் மாடிக்காகத்தான் வந்திருந்தார், அவர்தான் அதிகம் சிரித்தார்.

அன்றைக்குத்தான் தெரிந்தது, இத்தனை காலம் சென்னையை மூழ்கடித்துக்கொண்டிருந்தவன் நான் என்று.

மனம் ஆறாமல் பழைய செய்தித்தாள்களை எடுத்துப் புரட்டினேன். உங்கள் பெருமை அப்போதுதான் புரிந்தது. 2025 ஜனவரி 20 அன்று பெரும்பாக்கத்தில் 1,250 அடுக்குமாடி வீடுகளுக்கு மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் அனுமதி கொடுக்கிறது. ஜனவரி 23 அன்று உங்கள் திட்ட அனுமதி. மூன்றே நாள்! பொங்கல் விடுமுறைச் சோம்பல்கூடக் கலையாத வாரம் அது. கோப்பு அதற்கு முன்பிருந்தே நடந்துகொண்டிருந்தது என்பீர்கள். இருக்கட்டும். கோப்பு நடப்பதைப் பார்த்தவர்கள் உண்டு, ஓடுவதைப் பார்த்த பாக்கியம் எங்கள் தலைமுறைக்குத்தான்.

அந்த இடம், ராம்சார் என்கிற பன்னாட்டு ஈரநிலப் பட்டியலில் உள்ள பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குள் வருகிறது என்று 2025 அக்டோபரில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் ஆவணங்களை வைத்தது. அது பட்டா நிலம், காப்புக்காட்டுக்கு வெளியே இருக்கிறது, ராம்சார் எல்லை இன்னும் களத்தில் சரிபார்க்கப்படவில்லை என்று அரசுத் தரப்பு சொன்னது. இந்தப் பதிலைப் படித்தபோதுதான் தவறு யார் மீது என்று எனக்கு விளங்கியது. உங்கள் மீது அல்ல. தண்ணீர் மீது.

யோசித்துப் பாருங்கள். பள்ளிக்கரணைத் தண்ணீரிடம் பட்டா இருக்கிறதா? வில்லங்கச் சான்று எடுத்திருக்கிறதா? ஒற்றைச் சாளர இணையதளத்தில் ஒரு விண்ணப்பமாவது போட்டிருக்கிறதா? ஆண்டாண்டு காலமாக அங்கே குடியிருந்துகொண்டு ஒரு ரூபாய் வீட்டுவரி கட்டவில்லை. தெற்குச் சென்னையின் ஏரிகளிலிருந்தெல்லாம் வந்து கூடி, ஒக்கியம் மடுவு வழியாகக் கோவளம் கழிமுகத்துக்குப் போகிறதாம். யாரைக் கேட்டுப் போகிறது?

இதில் சுவையான இடம் ஒன்று உண்டு. 2022இல் பள்ளிக்கரணையை ராம்சார் பட்டியலில் சேர்த்தபோது நாம் கொடுத்த பரப்பு 1,247.54 ஹெக்டேர். தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வரை தெரிந்திருக்கிறது. சுவிட்சர்லாந்தில் கிளாண்ட் என்ற ஊரில் இருக்கிற ராம்சார் செயலகத்துக்கு வரைபடமும் போயிற்று. அதில் ஏறத்தாழ 700 ஹெக்டேர் காப்புக்காடு. மீதி சுமார் 550 ஹெக்டேர், அதாவது 1,350 ஏக்கர், எந்தெந்தச் சர்வே எண்ணில் இருக்கிறது என்பதை இனிமேல்தான் நடந்துபார்த்துக் கண்டுபிடிக்க வேண்டுமாம். சுவிட்சர்லாந்துக்காரன் மேசையில் இருக்கிற நிலம் எழும்பூரில் கிடைக்கவில்லை.

ஆகவே எனக்கு ஒரு ஞானம் பிறந்தது. என் வீட்டுப் பக்கத்து ஏரி செய்த குற்றம், அது கிராம வரைபடத்தில் இருப்பது. உலகமே காக்க வேண்டிய சதுப்பு நிலம் செய்த புண்ணியம், அதன் எல்லை இன்னும் கிடைக்காமல் இருப்பது. கக்கூஸ் கட்ட நினைப்பவர்கள் ராம்சார் இடமாகப் பார்த்துக் கட்டவும்.

உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில்தான் ஈரநிலங்களின் எல்லையைக் களத்தில் சரிபார்த்து மூன்று மாதத்துக்குள் முடியுங்கள் என்று எல்லா மாநிலங்களுக்கும் சொல்லியிருந்தது. உங்கள் அனுமதி அந்த மூன்று மாதத்துக்கு நடுவில் வந்தது. பரீட்சை நடக்கும்போதே ரிசல்ட் போட்டுவிட்டீர்கள். அந்த வேகத்தைப் பாராட்டத் தெரியாமல், தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2025 செப்டம்பரில், எல்லையைச் சரிபார்த்து முடிக்கும்வரை ராம்சார் பகுதியிலும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டரிலும் அனுமதி எதுவும் கூடாது என்றது. அக்டோபர் 31 அன்று சென்னை உயர் நீதிமன்றமும் பெரும்பாக்கம் கட்டுமானத்துக்கு இடைக்காலத் தடை போட்டது. எல்லோரும் உங்களையே கேட்கிறார்கள். தண்ணீருக்கு ஒரு நோட்டீஸ் அனுப்ப யாருக்கும் தோன்றவில்லை.

2017ஆம் ஆண்டு ஈரநில விதிகளையும் உங்கள் சார்பாகப் படித்தேன். பத்தாண்டுச் சராசரி உயர் வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டடம் எதுவும் கூடாது என்கிறது நான்காம் விதி. ஒரே விலக்கு, படகுத்துறை. மழைக்காலத்தில் அந்த 1,250 வீடுகளும் என்னவாகப் பயன்படும் என்பதைத் தொலைநோக்கோடு கண்டுதான் நீங்கள் கையெழுத்திட்டீர்கள் என்றால் என் வணக்கத்தை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள்.

இனி எங்கள் பக்கத்துத் தண்ணீரின் அட்டகாசத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் ராம்சார் இடங்கள் 20 இருக்கின்றன, இந்தியாவிலேயே அதிகம். எங்கள் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழில் வட்டாரத்தில் ஒன்றுகூடக் கிடையாது. இங்கே இருப்பதெல்லாம் வெறும் ஏரிகள். பாசனத்துக்காகவும் குடிநீருக்காகவும் மனிதன் வெட்டிய நீர்நிலைகள் ஈரநிலக் கணக்கில் சேராது என்று அதே விதிகள் சொல்லிவிட்டன. வேடந்தாங்கலும் பாசன ஏரிதான், ஆனால் அதற்குச் சிபாரிசு செய்யப் பறவைகள் இருந்தன. எங்கள் ஏரிகளுக்கு வருகிற கொக்குகளுக்கு அவ்வளவு செல்வாக்கு இல்லை. பல்லவன் காலத்தில் வெட்டியவன் சட்டம் தெரியாமல் வெட்டிவிட்டான். பாலாற்றிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் கம்பன் கால்வாயை எடுத்துக்கொள்ளுங்கள். வழியெல்லாம் ஏரிகளை நிரப்பிக்கொண்டு வருகிறது, ஒரு திட்ட அனுமதி கிடையாது. இப்போது அதன் பாதையில் பரந்தூர் விமான நிலையம் வருகிறது. 13 கிராமங்கள், 5,746 ஏக்கர், அதில் அரசு நிலம் மட்டும் 1,972 ஏக்கர். அரசு நிலம் என்றால் பெரும்பாலும் ஏரி, குளம், கால்வாய் என்று அர்த்தம். அந்தக் கிராமங்களில் ஒன்றான ஏகனாபுரத்துக்காரர்கள் 2022 முதல் கிராம சபை கூட்டி வேண்டாம் வேண்டாம் என்று தீர்மானம் போடுகிறார்கள். கிராம சபையும் உள்ளாட்சிதான் என்று எங்கள் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். பாடத்திட்டம் மாறியிருக்கலாம்.

2015 டிசம்பரில் இந்தத் தண்ணீர் செய்ததைத்தான் முக்கியமாகப் புகாராகப் பதிய வேண்டும். ஒரத்தூர், மணிமங்கலம், சோமங்கலம் என்று எங்கள் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்த தண்ணீர் அடையாற்றில் இறங்கி, முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் முறைப்படி அனுமதி பெற்ற வீடுகளுக்குள் அனுமதியில்லாமல் நுழைந்தது. பக்கவாட்டு இடைவெளி விடவில்லை. கட்டட உயரக் கட்டுப்பாட்டை மதிக்கவில்லை, நேராக முதல் மாடிக்கு ஏறியது. கீழே செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வேறு வந்து சேர்ந்துகொண்டது. பணி முடிப்புச் சான்று வாங்காமலே குடிபுகுந்து ஒரு வாரம் இருந்தது.

அந்த வீடுகளில் மனிதர்கள் இருந்தார்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடியில் இரவெல்லாம் நின்றார்கள். சம்பளத்தில் பாதியை வங்கிக்குக் கட்டி வாங்கிய வீடு அது. அந்த மனையைப் போட்டவனுக்கு எந்த நஷ்டமும் இல்லை, கையெழுத்துப் போட்டவருக்கு ஓய்வூதியம் ஒழுங்காக வருகிறது. செத்தவர்களின் கணக்கைக்கூட ஆளுக்கொன்றாகச் சொன்னோம். ஒன்பது வருஷம் கழித்து, அதைவிடத் தாழ்வான, ஊரே சதுப்பு என்று அறிந்த, நாமே உலகத்துக்கு வரைபடம் கொடுத்த இடத்தின் பெயரால் ஒரு கோப்பு மூன்று நாளில் முடிகிறது என்றால், இதைக் கவனக்குறைவு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த வரைபடத்தைப் பார்க்காமலா கையெழுத்திட்டீர்கள்? பார்க்காமல் போட்டிருந்தால் அந்த நாற்காலியில் உங்களுக்கு என்ன வேலை? பார்த்துவிட்டுப் போட்டிருந்தால் அதற்கு வேறு பெயர்.

மன்னிக்க வேண்டும். எனக்கு ரத்த அழுத்தம். மாத்திரை போட்டுக்கொண்டு தொடர்கிறேன்.

தங்கள் கருணைக்கு எல்லை இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன், ராம்சார் இடத்துக்கே இல்லையே. 2026 முதல் 2046 வரைக்கான மூன்றாவது முழுமைத் திட்டத்தையும் நீங்கள்தான் தயாரிக்கிறீர்கள். அதில் தண்ணீருக்கு ஒரு பத்தி ஒதுக்கி, இனிமேலாவது அது வருவதற்கு முன் விண்ணப்பிக்க வேண்டும் என்று விதி செய்யலாம். கிழக்கிலிருந்து வரும் மேகங்களுக்குத் தனி கவுண்டர். மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் போகும் பழக்கத்தை முறைப்படுத்த ஒரு கட்டணம். இங்கே மேடாக்கித் தொழிற்சாலை கட்டியவர்கள் வேண்டுமானால் அதற்குச் சாட்சிக் கையெழுத்துப் போடுவார்கள், அவர்கள் மதில் ஓரமாகத்தான் அது இப்போது போக வழி தேடிக்கொண்டிருக்கிறது.

என் மாடி அறையை விட்டுவிடுங்கள். அதைக் கேட்டு இந்தக் கடிதம் இல்லை. ஏரிக்குப் பக்கத்தில் ஒரு கக்கூஸ் கட்டக்கூட நீர்வளத்துறை பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது நல்ல விதி, நான் வாங்கிவந்து தருகிறேன். அந்த விதி பெரிய கோப்புகளையும் அதே வரிசையில் நிற்க வைத்தால் போதும்.

வேண்டுகோள் இதுதான். பள்ளிக்கரணையில் காணாமல் போன அந்த 550 ஹெக்டேரின் சர்வே எண்களைத் தமிழில், யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வெளியிடுங்கள். உங்கள் எல்லைக்குள் புதிதாக வந்த எங்கள் வட்டத்து ஏரிகள், வரத்துக் கால்வாய்கள், கலங்கல்கள் அத்தனைக்கும் அதே மாதிரி பட்டியல் போட்டு, எல்லைக் கல் நடுங்கள். அதுவரை அவற்றின் ஓரத்தில் யாருக்கும் புதிதாகத் திட்ட அனுமதி கொடுக்காதீர்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது.

இப்படிக்கு,
வீட்டுவரி பாக்கி இல்லாத ஒரு குடிமகன்,
ஒரகடம்.