கழிவுநீர் மகாத்மியம்

கோலாலம்பூரின் ஜாலான் அம்பாங் அடுக்ககங்களில் ஆர்.ஓ. குடிநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரமற்ற இல்லத்தை நாகரிகமுடையதென்று கருதுவதற்கில்லை. குடிக்கும் ஒரு குவளைக்காக மூன்று குவளையைச் சாக்கடைக்குத் தானஞ்செய்து, நீரிலுள்ள தாதுக்களையெல்லாம் சவ்வினால் நீக்கி, அவற்றையே வேறொரு குடுவையால் மீண்டும் சேர்த்தளிக்கும் அதன் தர்மசிந்தனை போற்றத்தக்கதே. நீர் மெதுவாக வந்தால் வடிகட்டியை மாற்றுக. ருசி மாறினால் சவ்வை மாற்றுக. இரண்டும் செம்மையாயிருப்பின் வருஷாந்திர ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க. சிகிச்சை முறை இவ்வளவே. விஞ்ஞானத்தில் சிரத்தையற்ற எங்கள் பாட்டி மட்டும் அக்கழிவுநீரை நீல வாளிகளில் பிடித்து வைப்பார். 2020 செப்டம்பரில் சுங்கை கோங் ஆறு மாசுற்று, சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டு, கோலாலம்பூர்க் குழாய்களும் வறண்டபோது, இயந்திரம் சிவப்பு விளக்கெரித்து மௌனவிரதம் பூண்டிருக்க, குடும்பத்தார் அனைவரும் பாட்டியின் வாளிகளிலேயே ஸ்நானம் முடித்தோம். மாலையில் ஒப்பந்தத்தையும் புதுப்பித்தோம்.