குவாலிட்டி சார்

எண் சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்று பெரியோர் சொல்லிவைத்ததெல்லாம் ஒரகடம் பக்கத்தில் தொழிற்சாலைகள் வருவதற்கு முந்தைய காலத்துப் பேச்சு. எங்கள் தெருக் குவாலிட்டி சாரைப் பொறுத்தமட்டில் அந்த ஸ்தானம், ஆறு அங்குல எஃகு ஸ்கேல் ஒன்று சதா எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் அவருடைய சட்டைப் பைக்கே உரியது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து முதல் கார் உருண்டு வெளியே வந்த நாள் தொட்டு, ஏரியும் வயலுமாகக் கிடந்த இந்தச் சீமையில் ஷிப்ட் பஸ்களும், அவற்றில் உட்கார்ந்தபடியே உறங்கப் பழகிய மனிதர்களும் பெருகியது போலவே, இவருடைய வர்க்கத்தாரும் பெருகிவிட்டார்கள். மற்றவர்கள் செய்து தருகிற உதிரிபாகத்தை அளந்து பார்த்து, ‘ஓகே’ என்றோ ‘ரிஜெக்ட்’ என்றோ தீர்ப்புச் சொல்வது அவர்களுடைய உத்தியோகம். எட்டு மணி நேரம் அந்த நியாயாசனத்தில் வீற்றிருந்தவர், பஸ்ஸை விட்டு இறங்கியதும் சாமானிய மனிதராகிவிட வேண்டுமென்று நாம் எதிர்பார்ப்பது தர்மமாகாது.

டீக்கடையில் மெதுவடையைக் கையில் வாங்கினால் அவர் உடனே வாயில் வைத்துவிட மாட்டார். அதைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, துவாரத்தின் வழியாக ஒருமுறை சூரிய தரிசனம் செய்துவிட்டு, ஸ்கேலை உருவி, ஒரு பக்கத்துச் சதை 28 மில்லிமீட்டரும் மறுபக்கம் 19-மாக இருக்கும் அநீதியைக் கண்டறிந்து, “மாஸ்டர், ஓட்டை சென்டர்ல இல்லையே!” என்று மிகுந்த மனோவேதனையுடன் தெரிவிப்பார். “வடையை என்ன சார், ஆக்ஸில்ல மாட்டி ஓட்டப் போறீங்களா?” என்றார் மாஸ்டர் ஒருநாள். கடையே சிரித்தது, அவர் சிரிக்கவில்லை. அப்படி மாட்டினால் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் வண்டி எவ்வளவு அதிரும் என்று மனத்துக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டில் சுவாமி படத்துக்குப் பக்கத்தில், மில்லிமீட்டரை ஐம்பது கூறாக்கிக் காட்டும் சொந்த வெர்னியர் ஒன்று வைத்திருக்கிறார். பியேர் வெர்னியே என்ற பிரெஞ்சுக்காரர் 1631-இல் உலகுக்கு அறிவித்த நகரும் அளவுகோலின் வம்சத்தில் வந்த அந்தக் கருவிக்கே ஆயுத பூஜையன்று முதல் சந்தனப் பொட்டு; ஆனால் தாடைகளில் பொட்டுப் பட்டுவிடக் கூடாது, பட்டால் அளவு கெட்டுவிடும்.

இதையெல்லாம் கேட்டு அவரைக் கறார்ப் பேர்வழி என்று தீர்மானித்துவிடக் கூடாது. சென்ற கத்திரி வெயிலில் வல்லம் பக்கம் ஒரு கிரவுண்டு மனை வாங்கப் போனவருக்குத் துணையாக நானும் போயிருந்தேன். உச்சி வேளையில் புரோக்கர் எஃகு டேப்பை விரித்ததும், “இப்ப அளக்காதீங்க” என்று தடுத்துவிட்டார். அளவறைகளில் 20 டிகிரி உஷ்ணத்தையே உலகம் முழுவதும் பிரமாணமாகக் கொள்கிறார்களாம். 40 டிகிரி வெயிலில் எஃகு, மீட்டருக்குக் கால் மில்லிமீட்டர் அளவுக்கு நீண்டுவிடுகிறதாம். ஆகவே அந்த டேப்பால் 60 அடி குறித்தால், அடுத்த மனைக்காரருடைய பூமி சுமார் 4 மில்லிமீட்டர் இவர் பக்கம் வந்துவிடுமாம். தனக்கு மிகுந்து வருவதை வேண்டாமென்று வாதாடிய அவரைப் பார்த்த புரோக்கர், “இருபது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன், இப்படியொரு பார்ட்டி வந்ததில்ல சார்” என்று டேப்பைச் சுருட்டிக்கொண்டார். மறுநாள் விடியற்காலையில்தான் மனை அளக்கப்பட்டது.

இத்தகையவர் ஒரு கிருத்திகையன்று வல்லக்கோட்டை முருகன் கோயில் வாசலில் இரண்டு முழம் மல்லிகை வாங்கினார். முழம் என்றால் இரண்டு சாண், இருபத்துநான்கு விரற்கடை, ஆங்கிலக் கணக்கில் பதினெட்டு அங்குலம் என்பது அவருக்கு மனப்பாடம். பூக்காரம்மா முழங்கையை மடக்கி அளந்து கொடுத்த சரத்தை அங்கேயே ஸ்கேலால் ஆறு ஆறு அங்குலமாக அளந்து முடித்துவிட்டு, “ரெண்டு முழம்னா 91 சென்டிமீட்டர் வரணும்மா, 83தான் இருக்கு” என்றார்.

“உங்க ஸ்கேல் சரியா இருக்குன்னு யாரு சொன்னாங்க?”

“வருஷா வருஷம் காலிபரேஷனுக்கு அனுப்பி சர்டிபிகேட் வாங்கறோம்.”

“என் கைக்கு முப்பது வருஷமா யாரும் சர்டிபிகேட் கேட்டதில்ல, சாமி. நீளவும் இல்ல, குறையவும் இல்ல” என்றவள், கேளாமலேயே நான்கு விரற்கடைப் பூவைக் கொசுறாகக் கிள்ளி மேலே போட்டாள்.

அவர் மீண்டும் அளந்தார்: தொண்ணூறரை. வரைபடத்தில் எந்த அளவுக்கும் இவ்வளவு கூடலாம், இவ்வளவு குறையலாம் என்று டாலரன்ஸ் போட்டிருக்கும், ஆனால் கூட்டுவதற்கு மட்டும் இடம் வைத்துக் குறைப்பதற்கு இடமே வைக்காத கொசுறு என்னும் டாலரன்ஸைப் பிரத்தியட்சமாகக் கண்ட அவர், சந்நிதி வரைக்கும், “ப்ளஸ் மட்டும்தான் சார், மைனஸே கிடையாது!” என்று ஸ்தோத்திரம் போலச் சொல்லிக்கொண்டே வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அவருடைய மனைவி, அவரைவிட ஒரு பிடி உயரமானவர், சரத்தை வாங்கித் தம் முழங்கையில் வைத்து அளந்துவிட்டு, “ஒண்ணே முக்கால் முழம்தான் இருக்கு, நல்லா ஏமாந்துட்டு வந்திருக்கீங்க” என்றார். குவாலிட்டி சாரின் கை தன்னிச்சையாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. ஸ்கேல் பாதி வெளியே வந்தது. பிறகு ஏனோ உள்ளே போய்விட்டது.

“அந்தக் கேஜுக்கு மட்டும் காலிபரேஷன் கேக்க முடியாது சார்” என்றார், என் காதருகில்.