ஆட்டுக்கு எழுதிய ஜாதகம்

பாரிஸிலும் மிலானிலும் கைப்பை விற்கும் புண்ணியவான்களைப் பற்றி நம் பக்கத்தில் யாரும் நாலு நல்ல வார்த்தை எழுதியதாகத் தெரியவில்லை. அந்தக் குறை ஒரு சாத்தூர்க்காரனால் நீங்கட்டும்.

அவர்களுடைய ஜீவகாருண்யம் சாமானியமானதல்ல. இந்தப் பை எந்தத் தோலில் தைத்தது, அது எந்தத் தோல் ஷாப்பில் பதமானது, எங்கே அறுபட்டது, எந்தப் பண்ணையில் மேய்ந்தது என்று பின்னோக்கியே நடந்து தொழுவத்து வாசல் வரை போய் நலம் விசாரிக்கப் போகிறார்களாம். குச்சி, போட்டேகா வெனெட்டா போன்ற பெயர்களுக்குச் சொந்தக்காரரான கெரிங் நிறுவனம், முக்கியமான மூலப்பொருள்கள் அத்தனையையும் 2025க்குள் தடம் கண்டுவிடுவதாக வாக்குக் கொடுத்தது. செத்த ஆட்டுக்கு ஜாதகம் எழுதிய வள்ளல்கள் வேறு எந்த யுகத்தில் பிறந்தார்கள்?

எங்கள் ஆட்டுக்காரர்கள் பாவம், விவரம் போதாது. வேம்பூர்ச் செம்மறியை வெள்ளை உடம்பில் விழுந்திருக்கும் செம்பட்டைத் திட்டை வைத்தும், காதில் போட்ட வெட்டை வைத்தும் இன்னார் வீட்டு ஆடு என்று சொல்லிவிடுவார்கள். எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தையில் முதுகைப் பிடித்துப் பார்த்தே விலை முடிந்துவிடும். சீட்டு கிடையாது, க்யூஆர் கிடையாது. இப்படிப்பட்டவர்களைத் தணிக்கையாளர் எப்படி மதிப்பார்?

கறிக்கடையில் உரித்த தோல் உப்பைப் பூசிக்கொண்டு டிவிஎஸ் ஃபிஃப்டியில் மண்டிக்குப் போய்விட்டால், பத்து ஊர்த் தோலோடு கலந்து, எது எந்த ஆடு என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது. இந்த இடத்தில்தான் புண்ணியவான்களின் பெருந்தன்மை வெளிப்படுகிறது. தெரியாததைக் குடைந்து யாரையும் சங்கடப்படுத்த மாட்டார்கள். தோல் ஷாப்பின் சான்றிதழ் போதும். லெதர் வொர்க்கிங் குரூப் என்ற அமைப்பு தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று ஒலிம்பிக் கணக்காகத் தரம் பிரித்தே கொடுக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் இன்னும் ஒரு படி மேலே போய், மாடு வளர்ந்த நிலத்தின் அட்சரேகை தீர்க்கரேகையைக் கேட்கும் சட்டத்தை 2023இல் போட்டது. பிறகு யாரையும் அவசரப்படுத்தக் கூடாதென்று அமலாக்கத்தை இரண்டு தடவை தள்ளியும் வைத்தது. ஆடு அந்தப் பட்டியலில் இல்லை. அதற்கு ரேகை பார்க்க ஆள் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

தடம் தேடுவதிலும் ஒரு நாகரிகம் வேண்டும். தங்கப் பதக்கம் இன்றைய கழிவுநீருக்குத்தான். அந்தக் காலத்தில் வெளியேறிய தண்ணீர் எந்தக் கிணற்றில் போய்த் தங்கியது என்ற நாகரிகமற்ற கேள்வி அதில் வராது. 1996இல், பாலாற்றைத் தோல் ஷாப்புகள் கெடுத்த வேலூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் எழுதிய தீர்ப்பில் திண்டுக்கல் பக்கத்து 13 கிராமங்களின் கணக்கு ஒன்று இருக்கிறது: 467 கிணறுகளில் 350 கெட்டுவிட்டன. தோல் ஷாப்புகள் நிறைந்த பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பாழ் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. அபராதம், ஷாப்புக்குப் பத்தாயிரம் ரூபாய்! நல்ல பையின் வாரைக்கூட அந்தக் காசுக்கு வாங்க முடியுமா என்பது சந்தேகம். இப்படிக் கடுமையாகத் தண்டித்தும், 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் அதே பாலாற்றுக்காக இன்னொரு தீர்ப்பு எழுத நேர்ந்தது.

2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்து ஷாப்பில் தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளிகள் அந்தச் சகதியில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலும் மேற்கு வங்கத்துப் பிள்ளைகள். ஆட்டுக்கு இருக்கிற மாதிரி காதில் வெட்டு இல்லாததால் அவர்களை எந்தப் பையோடும் சேர்த்துச் சொல்ல வழியில்லை.

சரி, நம் நாட்டில்தான் இப்படி என்று யாரும் குறைபட வேண்டாம். 2024 ஜூனில் மிலான் நீதிமன்றம் டியோரின் இத்தாலிய உற்பத்திப் பிரிவைத் தன் மேற்பார்வையில் எடுத்துக்கொண்டது. படித்தபோது எனக்குச் சொந்த ஊர்ச் செய்தி போலவே இருந்தது. ஆர்டர் ஒருவரிடம், வேலை அவரிடம் உள்குத்தகை எடுத்தவரிடம். பட்டறையிலேயே சாப்பாடு, தூக்கம். வேகமாக ஓடட்டும் என்று மெஷினின் பாதுகாப்புச் சாதனத்தைக் கழற்றி வைத்திருந்தார்கள். 2021 பிப்ரவரியில் எங்கள் அச்சங்குளத்துப் பட்டாசு ஆலை வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் செத்தபோதும் லைசென்ஸ் ஒருவர் பெயரில், ஆலை உள்குத்தகையில் என்றுதான் விசாரணையில் வந்தது. சாத்தூரின் தொழில் நுணுக்கம் மிலான் வரை பரவியிருப்பது பெருமைக்குரியதல்லவா?

டியோர் 2,600 யூரோவுக்கு விற்ற பைக்கு, தோல் விலை போக, தைத்துக் கொடுத்த பட்டறைக்கு 53 யூரோ. மீதியெல்லாம் ஆட்டின் நலம் விசாரிக்கச் செலவாகியிருக்க வேண்டும். அந்தப் பட்டறைகளைக் காட்டிக்கொடுத்ததில் சான்றிதழ்களுக்குப் பங்கில்லை, மின்சாரக் கணக்குதான் காட்டிக்கொடுத்தது. ராத்திரி பகல், விடுமுறை என்று பார்க்காமல் கரண்ட் ஓடியிருக்கிறது. ஆனாலும் குறித்த கெடுவுக்கு முன்பே, 2025 பிப்ரவரியில், நீதிமன்றம் மேற்பார்வையை விலக்கிக்கொண்டது. எட்டே மாதத்தில் திருந்திவிட்டார்கள். எங்கள் உள்குத்தகைக்காரர்களுக்கு அந்தச் சாமர்த்தியம் இன்னும் கைவரவில்லை.