பெடோம் துரை வைத்த மரம்

1870களில் மதராஸ் மாகாணத்தின் காடுகளுக்குத் தலைமைக் காவலராக இருந்தவர் ரிச்சர்ட் ஹென்றி பெடோம். பட்டாளத்துக்காரர்தான், ஆனால் துப்பாக்கியைவிடப் பூதக்கண்ணாடி மேல்தான் பிரியம். தென்னிந்தியப் பெரணிகளுக்குப் புத்தகம் போட்டார், மரங்களுக்குப் போட்டார். மலையில் சருகைக் கிளறிப் பாம்பு, பல்லி என்று எது தலையை நீட்டினாலும் ஒரு லத்தீன் பெயர் சூட்டித்தான் அனுப்புவார். இந்த மண்ணின் செடிகொடிகளை அவர் அளவுக்கு அறிந்தவர்கள் அன்று வெகு சிலரே. சீமைக்கருவேலத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தவரும் அவரேதான்.

துரையைச் சும்மா திட்டக்கூடாது. அவருக்கு நெருக்கடி. 1856இல் ராயபுரத்தில் கிளம்பிய ரயிலுக்கு அகோரப் பசி. வண்டி வண்டியாக விறகைத் தின்றது. சமவெளிக் காடு மொட்டையாகிக்கொண்டிருந்த நேரத்தில் மழையும் கைவிரித்தது. 1876இல் தாது வருஷப் பஞ்சம். ஊர் சோற்றுக்குப் பறந்தது, சர்க்கார் விறகுக்குப் பறந்தது. அந்த ஆண்டுதான் பெடோம் வருவாய்த் துறைக்குக் கடிதம் எழுதினார்: வறண்ட நிலத்துக்கு ஏற்ற அமெரிக்க மரம் ஒன்று இருக்கிறது, விதை தருவித்தால் தேவலை.

சர்க்காரில் ஒரு கோப்பு மேஜை மாறுவதற்குள் எழுதியவர் பென்ஷன் வாங்கிவிடுவார். இந்தக் கோப்புக்கு மட்டும் எங்கிருந்து கால் முளைத்ததோ, மறு ஆண்டே ஜமைக்காவிலிருந்து விதை வந்து இறங்கிவிட்டது. 1877இல் கடப்பை மாவட்டம் கமலாபுரத்தில் விதைத்தார்கள்.

அதற்கப்புறம் மரம் தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டது. ஆடு மாடுகள் இலையைச் சீந்தாது. காய் தித்திப்பு என்பதால் மென்று விழுங்கும். விதை வயிற்றுக்குள் ஊறி, ஓடு இளகி, சுடச்சுட உரத்தோடு அடுத்த ஊரில் இறங்கும். பயணமும் இலவசம், சாப்பாடும் இலவசம். வெட்டினால் ஒன்றுக்கு நாலாகத் துளிர்க்கும். தன் நிழலில் இன்னொன்றைத் தலைதூக்க விடாது.

ஜோத்பூர் சமஸ்தானம் 1940இல் இதற்கு ராஜ மரம் என்று பட்டமே கட்டியது. நாம் பட்டம் கட்டவில்லை, பழி போட ஆள் தேடினோம். காமராஜர் கொண்டுவந்தார் என்று இன்றைக்கும் டீக்கடையில் அடித்துச் சொல்வார்கள். காமராஜர் பிறந்தது 1903இல். மரம் அவருக்கு 26 வயது மூத்தது.

சென்னைக்குள் அது தேர்ந்தெடுத்த மனைகள் எல்லாம் ஆற்றங்கரை, தண்டவாள ஓரம், கட்டட இடிபாடு கொட்டுகிற பொட்டல். அடையாற்றுக் கழிமுகத்து ஓடையும் அந்த லட்சணத்தில்தான் கிடந்தது. பிறகு குப்பையை அள்ளி, முள்ளைப் பெயர்த்து, நீர்வழியைத் திறந்து, அலையாத்தியும் இந்தக் கரையின் மரங்களும் நட்டு, 2011இல் 58 ஏக்கரில் தொல்காப்பியப் பூங்கா என்று திறந்தார்கள். திணைக்குத் திணை மரமும் ஒரு கருப்பொருள் என்று வகுத்தவர் தொல்காப்பியர். அவர் பெயரில் பூங்கா வைப்பதற்கு, எந்தத் திணையிலும் சேராத மரத்தை முதலில் பொக்லைன் வைத்துப் பிடுங்க வேண்டியிருந்தது.

இந்தக் கரையின் மரங்கள் என்றால் வீரை, காசான், உலக்கைப்பாலை. சோழமண்டலக் கரையின் உலர் பசுமைமாறாக் காடு. அதில் மிஞ்சியது கிண்டியில் கொஞ்சம், கோயில் காடுகளில் கொஞ்சம். சுள்ளி ஒடித்தால் அய்யனார் கண்ணைக் குத்திவிடுவார் என்ற பயம்தான் அவற்றைக் காப்பாற்றியது. வனத்துறை ஜீப்பால் முடியாததை மண்குதிரை செய்திருக்கிறது.

சீமைக்கருவேலத்தை அகற்று என்று 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. ஊர் முழுக்க ஒரே உற்சாகம். அதே ஆண்டு இன்னொரு அமர்வு, கொஞ்சம் பொறுங்கள், நிபுணர்களைக் கேட்போம் என்றது. 2022இல் அந்நியத் தாவரங்களுக்கென்று தமிழக அரசு தனிக் கொள்கையே வெளியிட்டது. அழைக்க ஒரு கடிதம் போதுமாயிருந்தது. வெளியேற்றுவதற்கு, வேரோடு பிடுங்கிய பிறகும் மழைக்கு மழை முளைக்கிற நாற்றைக் குனிந்து குனிந்து பறிக்க வேண்டும். மரம் நட வி.ஐ.பி. வருவார், போட்டோ எடுப்பார்கள். நாற்றுப் பறிக்க வந்த வி.ஐ.பி.யை நான் பார்த்ததில்லை.

உண்ணிச்செடி கதையாவது கொஞ்சம் ஆறுதல். அழகுக்கென்று 1809 வாக்கில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். அது முதுமலை வரைக்கும் நடந்து வந்துவிட்டது. நீலகிரிப் பழங்குடிக் கலைஞர்கள் அதன் தண்டை வளைத்து ஆளுயரத்துக்கும் மேலே யானைகள் செய்தார்கள். 2021இல் அந்த யானைக் கூட்டம் லண்டனின் அரச பூங்காக்களில் போய் நின்றது. அனுப்பியவர்களிடமே சரக்கைத் திருப்பிக் கொடுத்த மாதிரி. ஆனால் கப்பல் கப்பலாக அனுப்பினாலும் தீராத அளவுக்கு இங்கே மிச்சம் இருக்கிறது.

இத்தனைக்குப் பிறகு நாம் திருந்திவிட்டோமா என்றால், நகரப் பூங்காக்களில் பச்சை மதில் மாதிரி ஒன்றை வரிசையாக நட்டோம். கோனோகார்பஸ். மூச்சுக்கோளாறு, குழாய் உடைப்பு என்று புகார் கிளம்ப, குஜராத் 2023இல் தடை போட்டது. பின்னாலேயே தமிழ்நாடும் போட்டது.

ஆகவே நர்சரிக்காரர் ஒரு கன்றைத் தூக்கிக் காட்டி, “தண்ணியே வேணாம் சார், ஆடு வாய் வைக்காது, ஆறே மாசத்துல ஆளுயரம்” என்றால் விலை கேட்காதீர்கள். வீரை இருக்கிறதா, காசான் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் அடுத்த நர்சரிக்குப் போங்கள்.