கடைசி நேரத்துக்கு ஒரு மரியாதை

பிள்ளைகள் எதையும் கடைசி நாள் வரை தள்ளிப்போடுகிறார்கள் என்பது பெற்றோரின் நிரந்தரப் புகார். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்று எத்தனை முறை சொன்னாலும் காதில் ஏறுவதில்லை. புகாரை நான் மறுக்கவில்லை. அந்தக் குணத்தையே தகுதியாகக் கேட்கும் வேலையும் உலகில் உண்டு என்கிறேன். கலிபோர்னியாவின் பசடீனா நகரில் புத்தாண்டுதோறும் நடக்கும் ரோஜா அணிவகுப்புக்கு ஊர்தி அலங்கரிப்பதுதான் அது. 1890-இல் தொடங்கிய இந்த விழாவில், ஊர்தியின் வெளியே தெரியும் இடமெல்லாம் பூ, இலை, விதை, மரப்பட்டை என்று இயற்கைப் பொருளால் மூடியிருக்க வேண்டும் என்பது விதி. பெயின்ட் அடித்துச் சமாளிக்க முடியாது.

ரோஜாவை நவம்பரிலேயே குத்தி வைத்தால் டிசம்பரில் சருகுதான் மிஞ்சும். ஆகவே பூவேலை முழுக்க கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவே உள்ள சில நாட்களில் வந்து குவிகிறது. தேவாலய இளைஞர் குழுக்களும் சாரணர்களும் பள்ளி மாணவர்களும் சாரத்தில் ஏறிவிடுகிறார்கள். ஒருவன் பசை தடவுகிறான். இன்னொருத்தி கண்ணின் கருமைக்கு வெங்காய விதையையும் பல்லின் வெண்மைக்குத் தேங்காய்த் துருவலையும் ஒட்டுகிறாள். ரோஜா ஒவ்வொன்றையும் தண்ணீர் நிரப்பிய சிறு குப்பியில் செருகி, குப்பியோடு நுரைப்பரப்பில் குத்த வேண்டும். சாப்பிட்ட தட்டைக் கழுவச் சொன்னால் முதுகுவலி வரும் வயதுதான். இங்கே ஒரு டைனோசரின் மூக்குத் துவாரத்துக்குப் பருப்பு ஒட்டுவதற்காக மணிக்கணக்கில் குனிந்து கிடக்கிறது. காரணம் எளிது. அப்பா வைக்கும் கெடுவைக் கெஞ்சி நீட்டலாம், ஆசிரியர் வைப்பதை அழுது நீட்டலாம். ரோஜாவிடம் வயிற்றுவலி என்று லீவ் லெட்டர் நீட்ட முடியாது. ஜனவரி 1 ஞாயிறாக வந்தால் அணிவகுப்பு மறுநாளுக்குத் தள்ளிப்போகும் என்பது உண்மை. ஆனால் 1893-இல் அந்த ஏற்பாடு வந்தது, தேவாலய வாசலில் கட்டியிருந்த குதிரைகள் மிரளக் கூடாது என்பதற்காக. சலுகை குதிரைக்குத்தான், பிள்ளைகளுக்கு இல்லை.

ஊர்தி என்ன, ஒரு வாரத்தில் முளைக்கிறதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. இரும்புச் சட்டம், இன்ஜின், அசையும் பொம்மை எல்லாவற்றுக்கும் மாதக்கணக்கில் உழைப்பு வேண்டும். பொமோனாவிலும் சான் லூயிஸ் ஒபிஸ்போவிலும் உள்ள கால் பாலி பல்கலைக்கழக மாணவர்கள் 1949 முதல் ஊர்தி கட்டி வருகிறார்கள். முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் இடைவெளியுள்ள இரண்டு ஊர்களில் ஆளுக்குப் பாதியாகச் செய்து, பிறகு இணைக்கிறார்கள். கடைசி நாளில் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர்கள் இருந்திருந்தால் இரண்டு பாதிகளும் சந்தித்தே இருக்காது. ஆகவே என் வாதத்தைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்கிறேன்: இரும்பு வாடாது, அதை முன்கூட்டியே முடிக்க வேண்டும், பூ வாடும், அதை முன்கூட்டியே முடிப்பதுதான் தவறு. சில மணி நேர ஊர்வலத்துக்கு இத்தனை பூவை வீணடிப்பதா என்பது அடுத்த ஆட்சேபம். கல்யாண மாலைக்கும் ஒருநாள் வாழ்வுதான். அதற்காக யாரும் பிளாஸ்டிக் மாலை மாற்றிக்கொள்வதில்லை. மேலும், பிளாஸ்டிக் ரோஜா என்றால் அந்தச் சாரத்தில் ஒரு பிள்ளையும் ஏறியிருக்காது, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தூங்கியிருக்கும்.

இதையெல்லாம் படித்துவிட்டு எந்த மாணவரும் அல்ஜீப்ராவை மூடிவைக்க வேண்டாம். அல்ஜீப்ரா வாடுகிற சரக்கில்லை. டிசம்பரில் இருந்த மாதிரியே மார்ச்சிலும் முறைத்துக்கொண்டு நிற்கும். அதனால் பிள்ளை அடுத்த முறை "கடைசி நாள் பார்த்துக்கலாம்" என்றால் கத்தாமல், அது வாடுகிற பொருளா என்று மட்டும் கேளுங்கள். வருமான வரிக் கணக்கைக் கெடு முடியும் இரவுவரை வைத்திருக்கும் அப்பாக்கள் மட்டும் இந்தக் கேள்வியைக் கொஞ்சம் தணிந்த குரலில் கேட்பது நல்லது.